அழிக்கப்பட்ட பாடமும் அதானியின் சூரியனும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் காதங்கி என்றொரு சிற்றூர் இருக்கிறது. குன்றுகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக 1,024 ஆண்டெனாக்கள் வானத்தை நோக்கி நிற்கின்றன. தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ரேடார் அது. 1990களின் தொடக்கம் முதல் காற்றின் போக்கையும் மழைமேகங்களின் அடுக்குகளையும் அது அளந்து வருகிறது; வளியில் கலந்துள்ள கரித்துகளையும் நுண்தூசுகளையும் அதே வளாகத்தில் அறிவியலாளர்கள் ஆராய்கின்றனர். புவி வெப்பமாவதை உலகின் முன்னணி அறிவியல் அளந்துகொண்டிருக்கும் இடங்களுள் ஒன்று, இந்த மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் அன்றாடம் பேருந்தில் கடந்துபோகும் வழியிலேயே அமைந்துள்ளது.

அந்தப் பேருந்தில் போகும் பத்தாம் வகுப்பு மாணவியின் பையில் இருக்கும் அறிவியல் நூலிலோ, மின்சாரம் எதிலிருந்து வருகிறது, நிலக்கரியை எரித்தால் என்ன நேர்கிறது, காற்றிலும் வெயிலிலும் இருந்து ஆற்றலைப் பெறுவது எப்படி என்று சொல்லும் பாடம் இல்லை. இருந்தது; நீக்கிவிட்டார்கள்.

என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘ஆற்றல் மூலங்கள்’ என்பது 14ஆவது பாடம். ‘இயற்கை வளங்களின் நீடித்த மேலாண்மை’ 16ஆவது பாடம். கொரோனாக் காலத்தில் மாணவர் சுமையைக் குறைப்பதாகச் சொல்லித் தொடங்கிய ‘சீரமைப்பு’, நோய்த்தொற்று ஓய்ந்து பள்ளிகள் வழக்கம்போல் நடக்கத் தொடங்கிய பின்னர், 2023இல் அச்சேறிய நூல்களில் நிரந்தர வெட்டாக நிலைபெற்றது. தனிம வரிசை அட்டவணையும் போயிற்று, டார்வினின் பரிணாமக் கோட்பாடும் போயிற்று. சமூக அறிவியல் நூலிலிருந்து மக்கள் போராட்டங்கள், இயக்கங்கள் பற்றிய பாடம் போயிற்று. டார்வினுக்காக நாடெங்கும் அறிவியலாளர்கள் குரல் எழுப்பினர், எழுப்பியது சரியே. ஆனால் அந்த இரைச்சலுக்கு இடையே ஆற்றல் பாடம் ஓசையின்றிக் களவு போனதை, இடதுசாரி ஏடுகள் உட்படப் பலரும் உரிய அளவுக்குக் கவனிக்கவில்லை.

நீக்கப்பட்ட பாடம் என்ன சொன்னது? நல்ல எரிபொருள் என்றால் எது என்ற எளிய கேள்வியில் தொடங்கி, அனல் மின்நிலையம், நீர்மின் நிலையம், சாண எரிவாயு, காற்றாலை, சூரிய அடுப்பு, சூரிய மின்கலம், அலை, அணு என்று ஒவ்வொன்றையும் அதன் நன்மை தீமைகளோடு அது விளக்கியது. ஒரு மேசைப்பந்தாட்டப் பந்தில் தகரச் சிறகுகளைச் செருகி, பிரஷர் குக்கரின் நீராவியால் அதைச் சுழலவைத்து, டைனமோவோடு இணைத்துச் சிறு விளக்கை எரியவிடும் செய்முறை அதில் இருந்தது. அதைத் தன் கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு, கடப்பா மாவட்டத்து ராயலசீமா அனல் மின்நிலையம் என்பது ரயிலில் வந்திறங்கும் நிலக்கரியை எரித்து நீரைக் கொதிக்கவைக்கும் பெரியதொரு குக்கர்தான் என்பது புரிந்துவிடும். அந்தப் புரிதலுக்குப் பின் வரும் கேள்விகளே ஆட்சியாளருக்குச் சங்கடமானவை. நிலக்கரி எங்கிருந்து வருகிறது? யார் இறக்குமதி செய்கிறார்கள்? சாம்பல் எங்கே கொட்டப்படுகிறது? 2022 கோடையில் மின்வெட்டைக் காரணம் காட்டி, வெளிநாட்டு நிலக்கரியை 10 விழுக்காடு கலந்தே தீரவேண்டும் என்று ஒன்றிய அரசு மாநிலங்களை நெருக்கியபோது ஆதாயம் அடைந்தவர் எவர்?

எட்டாம் வகுப்பு நூலில் நடந்தது இதைவிட வேடிக்கை. அங்கே ‘நிலக்கரியும் பெட்ரோலியமும்’ என்ற பாடம் தப்பித்தது. ‘காற்று, நீர் மாசுபாடு’ என்ற பாடம் வெட்டுண்டது. மதுரா சுத்திகரிப்பு ஆலையின் புகையால் தாஜ்மகாலின் பளிங்கு நிறம் மங்கிய கதையும், பசுங்குடில் விளைவும் அந்தப் பாடத்தில்தான் இருந்தன. அதாவது, நிலக்கரி இருக்கலாம், அதன் புகை இருக்கக் கூடாது. இந்த வெட்டை முடிவு செய்த வல்லுநர் குழுவினர் தம்மையறியாமலேயே ஆளும் வர்க்கத்தின் ஆற்றல் கொள்கையை இரண்டு வரியில் எழுதிக் காட்டிவிட்டார்கள்.

மேல்வகுப்பில் படித்துக்கொள்ளலாம் என்பது இத்தகைய வெட்டுகளுக்குச் சொல்லப்படும் வழக்கமான சமாதானம். அது பொய்ச் சமாதானம். நாட்டின் பிள்ளைகள் அனைவரும் ஒன்றாக அறிவியல் வகுப்பில் அமர்வது பத்தாம் வகுப்போடு முடிகிறது. அதன்பின் அறிவியல் பிரிவை எடுப்பவர் ஒரு பகுதியினரே. வணிகவியலுக்கும் ஐடிஐக்கும் போகிறவர்கள், திருப்பதியின் தங்கும் விடுதிகளிலும் சித்தூரின் மாம்பழக்கூழ் ஆலைகளிலும் வேலைக்குப் போகிறவர்கள், திருமணம் செய்துவைக்கப்படும் சிறுமியர் ஆகியோருக்கு அதுவே கடைசி அறிவியல் வகுப்பு. நீக்கப்பட்ட பாடம் அவர்களுக்கு ஒருபோதும் திரும்பி வரப்போவதில்லை. உழைக்கும் வர்க்கத்தின் பிள்ளைகளிடமிருந்து மட்டும் தேர்ந்தெடுத்துப் பறிக்கப்பட்ட பாடம் இது.

சட்டத்தின் கண்ணிலும் இது குற்றமே. 1991 நவம்பர் 22 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பணித்தது. 2003 டிசம்பரில், அதற்கான பாடத்திட்டத்தை வகுக்கும் பொறுப்பை என்சிஇஆர்டியிடமே ஒப்படைத்தது. 2024 மார்ச்சில் அதே நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து விடுபட்டு வாழ்வதும் குடிமக்களின் உரிமை என்று அறிவித்தது. உரிமை இருக்கிறது, அந்த உரிமை எதைப் பற்றியது என்று சொல்லும் பாடம் இல்லை.

ஆந்திரத்தில் இந்த வெட்டு நேராக வந்து இறங்கியதற்கு மாநில ஆட்சியாளர்களும் பொறுப்பு. ஜெகன் மோகன் ரெட்டி ஆட்சி மாநிலப் பாடநூல்களின் இடத்தில் படிப்படியாக மையப் பாடநூல்களைக் கொண்டுவந்தது. 2024-25இல் அது பத்தாம் வகுப்பை எட்டியது. ‘உலகத் தரம்’ என்ற முழக்கம் கேட்டது. பாடநூல் எழுதும் உரிமை மாநிலத்தின் கையிலிருந்து நழுவுவதைப் பற்றித் தெலுங்கு தேசத்துக்கும் கவலை இல்லை, ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கும் கவலை இல்லை. கூட்டாட்சி பற்றி மேடைக்கு மேடை பேசுகிறவர்கள், தம் மாநிலப் பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்பதைத் தில்லியில் தீர்மானிக்க விட்டுவிட்டார்கள். என்சிஇஆர்டி நூல்கள் ஆங்கிலம், இந்தி, உருதுவில் எழுதப்படுபவை. தெலுங்குப் பிள்ளைக்கு அவை மொழிபெயர்ப்பாகவே கிடைக்கும். நகரி, குப்பம், சத்தியவேடு எல்லையோரத் தமிழ்ப் பிள்ளையை நினைத்துப் பார்ப்பவர் எவருமில்லை. தமிழில் ‘புதைபடிவ எரிபொருள்’, தெலுங்கில் ‘சிலாஜ இந்தனம்’ என்று இரு மொழிகளிலும் ஆசிரியர்களும் அறிவியல் இயக்கத்தினரும் உழைத்து உருவாக்கிய கலைச்சொற்கள் உள்ளன. சொற்கள் கிடக்க, பாடத்தைத் தூக்கிப் போட்டாயிற்று.

வெட்டிய இடத்தில் எதை வைத்தார்கள்? அறவுரையை வைத்தார்கள். டிசம்பர் 14 ஆற்றல் சேமிப்பு நாள் என்றால் பள்ளிதோறும் கட்டுரைப் போட்டி: மின்விசிறியை அணையுங்கள், விளக்கை அணையுங்கள். 2022 அக்டோபரில் பிரதமர் மோடி தொடங்கிவைத்த ‘லைஃப்’ இயக்கமும் இதையே உலக மேடைக்கு ஏற்றிச் சொல்கிறது: காலநிலை நெருக்கடிக்கு விடை தனிமனிதரின் வாழ்க்கை முறையில் இருக்கிறதாம். மின்விசிறி இல்லாத வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு மின்விசிறியை அணைக்கச் சொல்லும் கல்வி! ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு உமிழ்வு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு. அமெரிக்கரின் உமிழ்வு அதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. அந்த இந்தியச் சராசரிக்குள்ளேயே குளிரூட்டப்பட்ட மாளிகையும் இருக்கிறது, பீளேரு பக்கத்து ஒற்றை விளக்குக் குடிசையும் இருக்கிறது. இருவருக்கும் ஒரே அறவுரையைப் படிப்பது சமத்துவம் அல்ல, மோசடி.

கார்ப்பரேட்டுகளோ காத்திருக்கவில்லை. அதானி அறக்கட்டளை ‘உடான்’ என்ற பெயரில் மாணவர்களைத் தன் துறைமுகங்களுக்கும் மின்நிலையங்களுக்கும் சுற்றுலா அழைத்துச் செல்கிறது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட ஆற்றல் காட்சிக்கூடத்தின் பெயரிலேயே அதானி நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கார்மைக்கேல் சுரங்கத்தில் நிலக்கரி தோண்டும் குழுமம், குழந்தைகளுக்குப் பசுமை ஆற்றல் பற்றிப் பாடம் எடுக்கிறது என்று அங்குள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தனர். அரசுப் பாடநூல் விட்டுச்சென்ற வெற்றிடம் வெற்றிடமாக நீடிப்பதில்லை.

இங்கே ஆந்திரத்தின் கதை வந்து சேர்கிறது. 2021 டிசம்பரில் ஜெகன் அரசு, ஒன்றிய அரசு நிறுவனமான சூரிய ஆற்றல் கழகத்துடன் 7,000 மெகாவாட் மின்சாரத்தை யூனிட் 2 ரூபாய் 49 காசுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. உழவர்களின் இலவச மின்சாரத்துக்காக என்று சொல்லப்பட்டது. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ராயலசீமை இங்கே இருக்க, மின்சாரம் ராஜஸ்தானிலிருந்து வரும். 2024 நவம்பரில் அமெரிக்க வழக்குத் துறை தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, இத்தகைய ஒப்பந்தங்களுக்காக இந்திய அதிகாரிகளுக்கு ஏறத்தாழ 2,029 கோடி ரூபாய் கையூட்டுத் தர உறுதியளிக்கப்பட்டது என்றும், அதில் சுமார் 1,750 கோடி ஆந்திர அதிகாரி ஒருவருக்கானது என்றும் குற்றம் சாட்டியது. அதானி குழுமம் அதை மறுத்தது. ஒப்பந்தம் கழகத்துடன்தான், அதானியுடன் அல்ல என்றது ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ். குற்றப்பத்திரிகைக்கு முன்பிருந்தே இந்த ஒப்பந்தத்தை எதிர்த்து வந்தவர்கள் ஆந்திர இடதுசாரிகள். உயர் நீதிமன்றப் படியும் ஏறினர். எதிர்க்கட்சியாக இருந்தபோது இதே ஒப்பந்தத்தைச் சாடிய தெலுங்கு தேசம், ஆட்சிக்கு வந்தபின் அதை ரத்து செய்யவில்லை.

சூரியன் மாசற்றது, ஒப்பந்தம் அப்படியில்லை. இந்த வேறுபாட்டைக் காண, மாணவருக்கு முதலில் ஆற்றல் பாடம் தேவை. ஒரு கிலோவாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 4 முதல் 5 யூனிட் தரும் என்று கணக்குப் போடத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை, தன் பள்ளிக்கூரையின் பரப்பை அளந்து, ராஜஸ்தானிலிருந்து கம்பியில் வரும் மின்சாரம் எதற்கு என்று கேட்கும். 2025இல் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி புதைபடிவமற்ற மூலங்களுடையது ஆகிவிட்டது என்று ஒன்றிய அரசு விழா எடுத்தது. திறன் வேறு, உற்பத்தி வேறு. எரியும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது, அதே 2024-25இல் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியதற்கும் இன்னொரு விழா எடுக்கப்பட்டது. இரண்டு விழாவையும் சேர்த்து வாசிக்கத் தெரிந்த வாக்காளர் உருவாகிவிடக் கூடாது அல்லவா?

திருமலையில் ஒரு பாடம் கண்ணெதிரே நடந்தது. 2002இல் அங்குள்ள அன்னதானக் கூடத்துக்காக, 106 குவி ஆடித் தட்டுகள் கொண்ட நீராவிச் சமையல் அமைப்பு நிறுவப்பட்டது. ஆஸ்திரியரான வொல்ஃப்காங் ஷெஃப்லரின் வடிவமைப்பு அது. வெயிலைக் குவித்து நீரை நீராவியாக்கி, நாளொன்றுக்குச் சுமார் 15,000 பேருக்குச் சமைக்கும் அளவில், டீசலைப் பெருமளவு மிச்சப்படுத்தத் திட்டமிடப்பட்டது. உலகின் மிகப்பெரிய சூரியச் சமையலறை என்று அன்று பேசப்பட்டது. கோயிலுக்கு வந்த கோடிக்கணக்கானோரில் அந்தத் தட்டுகளைப் பார்க்க அழைத்துச் செல்லப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர்? 2017 ஜனவரியில் 104ஆவது இந்திய அறிவியல் மாநாடு திருப்பதியின் வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் கூடியது, பிரதமர் வந்து தொடங்கிவைத்தார். ஐஐடி வந்தது, ஐஐஎஸ்இஆர் வந்தது. அலிபிரியில் மண்டல அறிவியல் மையம் இருக்கிறது. இத்தனை அறிவியல் நிலையங்கள் ஒரே ஊரில் குவிந்தும், பக்கத்து மண்டலத்து அரசுப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியர் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. 2022 ஜூனில் அரசாணை 117 மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைத் தொலைவிலுள்ள உயர்நிலைப் பள்ளிகளோடு இணைக்கத் தொடங்கியபோது, ஆசிரியர் சங்கங்களும் பெற்றோரும் போராடித்தான் அதைப் பின்வாங்க வைத்தார்கள்.

மாற்று ஆற்றல் என்றாலே புனிதம் என்று கற்பிப்பதும் தவறு. 2021 ஏப்ரல் இறுதியில் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலும் சித்தூரை அடுத்த நூனெகுண்ட்லபள்ளியிலும் உள்ள அமர ராஜா பேட்டரி ஆலைகளுக்கு, ஈய மாசு இருப்பதாகக் கூறி மூடல் உத்தரவு பிறப்பித்தது. நிறுவனம் மறுத்தது, உயர் நீதிமன்றம் உத்தரவை நிறுத்திவைத்தது. நிறுவனக் குடும்பத்தவர் அன்று தெலுங்கு தேச எம்.பி. என்பதால் இது அரசியல் பழிவாங்கல் என்றார்கள் ஒரு சாரார்; மக்கள் நலம் என்றார்கள் மறுசாரார். இருதரப்பும் ஈயத்தை ஒரு தடியாகவே பயன்படுத்தின. அந்த ஆலைகளின் பல்லாயிரம் தொழிலாளர்களின் வேலையும் குருதியும், சுற்றுக் கிராமங்களின் நீரும் மண்ணும் எவருடைய அறிக்கையிலும் முதலிடம் பெறவில்லை. சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க பேட்டரி வேண்டும். பேட்டரிக்கு ஈயமோ லித்தியமோ வேண்டும். அவற்றைக் கையாளத் தொழிலாளி வேண்டும். இந்தச் சங்கிலி முழுவதையும் கற்பிக்காத ‘பசுமைக் கல்வி’ முதலாளியின் விளம்பரத்தாளாகவே முடியும்.

அதே போன்றதுதான் மன்னவரம். காளத்திக்கு அருகே அங்கு 2010 செப்டம்பர் 1 அன்று அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், என்டிபிசியும் பெல்லும் கூட்டாக நடத்தவிருந்த மின் உபகரணத் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார். 6,000 கோடி ரூபாய்த் திட்டம், ஆயிரக்கணக்கில் வேலை என்றார்கள். மோடி ஆட்சியில் அது கைகழுவப்பட்டது. பொதுத்துறையில் சூரிய மின்கலமும் காற்றாலை உறுப்பும் செய்யும் ஆலையாக அதை வளர்த்திருக்க முடியும். மண் இருந்தது, தண்டவாளம் இருந்தது, திருப்பதியில் படித்து முடித்த பொறியாளர்கள் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் திருமலை மலைப்பாதையில் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மகிழத்தக்கதே. ஆனால் பேருந்து தனியார் நிறுவனத்துடையது, ஓட்டுநர் அந்த நிறுவனத்தின் ஆள். சாலைப் போக்குவரத்துக் கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை கட்டுகிறது. புகை போயிற்று, கூடவே பொதுத்துறை வேலையும் போயிற்று.

கட்சியணிகளுக்குள்ளும் ஒரு வாதம் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. ‘முதலில் கூலி, நிலம், வேலை, காலநிலையெல்லாம் நகரத்து நடுத்தர வர்க்கத்தின் கவலை, மேலைநாட்டார் செய்த பாவத்துக்கு இந்தியத் தொழிலாளி ஏன் விலை தரவேண்டும்?’ என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். இதன் பிற்பாதியில் உண்மை இருக்கிறது. வரலாற்றுப் பொறுப்பு வளர்ந்த முதலாளித்துவ நாடுகளுடையது என்பதில் இடதுசாரிகளுக்கு ஐயமில்லை. முற்பாதிதான் பிழை. 2021 நவம்பரில் திருப்பதியைப் பெருமழை மூழ்கடித்தபோது, சுவர்ணமுகி பெருக்கெடுத்தபோது, ராயலசெருவு ஏரிக்கரை கசிந்து சுற்றுக் கிராமங்களைக் காலிசெய்ய நேர்ந்தபோது, மலைமேல் விடுதியில் இருந்தவரா இடம்பெயர்ந்தார்? ஏரிக்கரையை நம்பி வாழ்ந்த உழவரும் கூலிகளும்தான். ஒரே ஒரு பெருமழையைக் காலநிலை மாற்றத்தின் தலையில் அப்படியே கட்டிவிட முடியாது. ஆனால் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் இயற்பியல். ஆழ்குழாயில் நீர் இறங்க இறங்க மேலும் தோண்டிக் கடனாளியான மாந்தோப்பு உழவருக்குக் காலநிலை என்பது நடுத்தர வர்க்கப் பொழுதுபோக்கு அல்ல.

நிலக்கரித் தொழிலாளியைக் கைவிடுவது என்றும் இதற்குப் பொருளில்லை. 2023 ஜூலையில் கடலூர் வளையமாதேவியில், கதிர் முற்றும் நிலையில் இருந்த பயிர்மீது என்எல்சி கால்வாய்க்காக இயந்திரங்களை ஏற்றியபோது, உழவரையும் சுரங்கத் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்தவே ஆட்சியாளர் விரும்பினர். முத்தனூரில் அனல் மின்நிலையத்தை நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகளும் இதே பாடநூலைத்தான் படிக்கிறார்கள். அந்த நிலையம் ஒருநாள் மூடப்படுமானால், மாற்று வேலை யார் பொறுப்பு, மறுபயிற்சி யார் செலவு என்று கேட்கும் அறிவு அவர்களுக்கே முதலில் வேண்டும்.

ஆந்திரத்தில் மின்சாரம் என்பது போராட்டத்தின் சொல். உலக வங்கியின் கட்டளைப்படி சந்திரபாபு நாயுடு அரசு மின்கட்டணத்தை உயர்த்தியதை எதிர்த்து, இடதுசாரிகள் முன்னின்று திரட்டிய மக்கள்மீது 2000 ஆகஸ்ட் 28 அன்று ஐதராபாத் பஷீர்பாக்கில் துப்பாக்கிச்சூடு நடந்தது. பாலசாமி, விஷ்ணுவர்தன் ரெட்டி, ராமகிருஷ்ணா ஆகிய தோழர்கள் வீழ்ந்தனர். பத்தாம் வகுப்பு நூலிலிருந்து ஆற்றல் பாடமும் மக்கள் போராட்டங்கள் பற்றிய பாடமும் ஒரே வெட்டில் போனதை, பஷீர்பாக்கை நினைவில் வைத்திருப்பவர் தற்செயல் என்று எளிதில் நம்பமாட்டார்.

செய்யத்தக்கவை கைக்கெட்டும் தொலைவில்தான் உள்ளன. 1990களின் தொடக்கத்தில் சித்தூரும் நெல்லூரும் கண்ட எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரமாயிரம் தொண்டர்கள் மாலை வேளைகளில் திண்ணைகளில் பாடம் நடத்தினர். 1988இல் உருவான ஜன விஞ்ஞான வேதிகா அதில் முன்னின்றது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 2012, 2013 ஆண்டுகளில் ஆற்றலையே கருப்பொருளாக்கியபோது சிற்றூர்ப் பிள்ளைகள் தம் ஊரின் விறகையும் மின்சாரத்தையும் அளந்து அறிக்கை எழுதினர். அந்த அனுபவம் உள்ள ஆசிரியர்கள் இன்னும் ஓய்வுபெற்றுவிடவில்லை. நீக்கப்பட்ட பாடத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் சிறு வெளியீடாக அச்சிட்டு, விடுமுறை நாள்களில் பள்ளிக்கு வெளியே நடத்த மாணவர், இளைஞர், ஆசிரியர் அமைப்புகளுக்கு எவர் அனுமதியும் தேவையில்லை. ஓர் அட்டைப்பெட்டி, கண்ணாடி, கருஞ்சாயம், வெள்ளித்தாள் இருந்தால் சூரிய அடுப்பு தயார். சித்தூரின் ஏப்ரல் வெயிலில் அதில் சோறு வேகும்.

2023ஆம் ஆண்டின் பாடத்திட்டச் சட்டகத்தை ஒட்டி என்சிஇஆர்டி நூல்கள் வகுப்புவாரியாகத் திருத்தி எழுதப்பட்டு வருகின்றன. ஆற்றல் மூலங்களும் மாசுபாடும் அவற்றில் முழுப் பாடங்களாகத் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையை இரு மாநிலங்களின் ஆசிரியர் சங்கங்களும் இப்போதே எழுப்பியாக வேண்டும். அதைவிட முந்தியது ஆந்திர அரசிடம் வைக்க வேண்டிய கோரிக்கை: மாநிலக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமம் துணைநூல் ஒன்றை எழுதட்டும், தெலுங்கோடு தமிழிலும் எழுதட்டும், காதங்கியின் வாயில் ஆண்டு முழுவதும் அரசுப் பள்ளிகளுக்குத் திறக்கட்டும். பாகாலவிலிருந்து அங்கே போக ஒரு பேருந்து போதும்.